தாங்ராவில் முதலில் இருந்தது தோல், ஓட்டல் கடைசியில்தான் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கொல்கத்தா சைனாடவுன் பற்றி இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படமெல்லாம் பிரமாதம். மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் மோமோ, சிவப்புக் கூண்டு விளக்கு, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, எதை முதலில் சாப்பிட வேண்டும், எங்கே சாஸ் வாங்கலாம் என்று எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி: காலப்போக்கில் இங்கிருந்த சீனர்கள் பலர் வெளிநாடுகளில் குடியேறிவிட்டார்கள். அவ்வளவுதான், அடுத்த வரியில் மறுபடி மீன் உருண்டை சூப். இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. கடிதம் நீளமாகப் போகும், வெட்டினால் வெட்டிக்கொள்ளுங்கள், 1962 சீனச் சண்டை பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் சோமனூர்க்காரன், கோவைப் பக்கம் விசைத்தறி ஊர். அப்பா காலத்திலிருந்து தறி ஸ்பேர்ஸ் கடை. இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான், நான் போய் நாற்காலியில் உட்காருவதோடு சரி. சோமனூர்க்காரனுக்கும் சைனாடவுனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தறி ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரியும். நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறக்கிறதே, அதை அடித்து அனுப்புவது ஒரு கட்டை, அந்தக் கட்டையை இழுப்பது தோல் பட்டை, நாடா வந்து மோதுகிற பிக்கரும் அந்தக் காலத்தில் எருமைத் தோல்தான். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் உதை வாங்குகிற சாமான். மட்டமான தோலாக இருந்தால் பதினைந்து நாளில் அறுந்து தொங்கும், தறிக்காரர் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வீசிவிட்டு, "ஏனுங்க, காசு வாங்கிட்டுத்தானே குடுத்தீங்க?" என்பார். நைலான் பிக்கர் வந்த பிறகு அந்தத் தலைவலி போனது. அதற்கு முன்னால் நல்ல தோலுக்காக நாய் படாத பாடு பட்டிருக்கிறோம்.

ஈரோட்டில் பெரிய அக்ரஹாரம் பக்கம் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் பட்டறை, வைத்திருந்த ஒரு பாய்தான் எனக்கு வழி சொன்னவர். நம் பக்கத்தில் பரம்பரையாகச் செய்வது ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுகிற பட்டைத் தோல். பார்க்க அழகாக இருக்கும், வாசமும் நன்றாக இருக்கும். "ஆனா தறி உதைக்கு இது நிக்காதுங்க, உங்களுக்கு எருமைத் தோல் குரோம் போட்டது வேணும், கல்கத்தாவுல சைனாக்காரங்ககிட்டப் போங்க" என்று அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார். அப்படித்தான் 1984ல் மெட்ராஸ் போய் கொரமண்டல் ஏறி ஹவுரா போய் இறங்கினேன். இந்தி நாலு வார்த்தை, வங்காளம் சுத்தமாகத் தெரியாது.

சைனாக்காரர்களின் தோல் ஷாப்புகள் இருந்த இடம் தாங்ரா. அதை முதலில் மூக்குதான் பார்த்தது. டாக்சிக்காரர் இன்னும் அரை மைல் இருக்கும்போதே கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். சுண்ணாம்பில் ஊறிய தோல், உப்பு, அழுகின கொழுப்பு, அதற்குமேல் ஏதோ அமில வாடை, எல்லாம் சேர்ந்த ஒன்று. பெரிய அக்ரஹாரத்துப் பழக்கம் இருந்ததால் எனக்கு அது புதிதில்லை, ஆனால் அங்கே அதன் அளவு வேறு. சாக்கடை நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி சுவர், பெரிய இரும்புக் கதவு, கதவுக்குமேல் சீன எழுத்து. உள்ளே போனால் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மர டிரம் கடகடவென்று சுற்றுகிறது, மொட்டை மாடி முழுக்கத் தோல் காய்கிறது, அதே கட்டடத்தின் மேல்மாடியில் குடும்பம் குடியிருக்கிறது. கீழே தொழில், மேலே வீடு. நம் ஊரில் தறிக்குடோனையும் வீட்டையும் ஒரே சுவரில் கட்டுகிறோமே, அதே கதைதான். தறிச் சத்தம் நின்றால்தான் எங்கள் வீட்டுக் குழந்தைகள் முழித்துக்கொள்ளும் என்று நாங்கள் சொல்வோம். அங்கே டிரம் நின்றால்.

நான் தோல் வாங்கின வீட்டில் கணக்கெல்லாம் அம்மாதான். ஐம்பது வயசு இருக்கும். மணிச்சட்டத்தில் விரல் ஓடுகிற வேகத்துக்கு என் கால்குலேட்டர் ஈடுகொடுக்கவில்லை. அவர் பேசின இந்தி என் இந்தியைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது, வேலையாட்களோடு பேசும்போது அது பீகார் இந்தியாக மாறும், வாசலில் மீன் விற்பவரோடு வங்காளம், பிள்ளைகளைத் திட்டும்போது ஹக்கா என்ற சீனப் பேச்சு. அவரை நான் 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை 'மதராஸி' என்றார். மதராஸ் இல்லை கோயம்புத்தூர் என்று பல வருஷம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். அதில் இரண்டு இடங்களை ஒன்றாகக் குழப்பிவிட்டீர்கள். கொல்கத்தாவில் சீனர் வாழ்ந்த இடம் ஒன்றல்ல. பழையது டிரெட்டா பஜார், நகரத்தின் நடுவில், லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில். வெனிஸ் பக்கத்திலிருந்து வந்து கம்பெனிக்காரனிடம் வேலை பார்த்த எடுவார்டோ டிரெட்டா என்ற இத்தாலிக்காரர் வைத்திருந்த சந்தை, அவர் பேரே தங்கிவிட்டது. காலை டிபன் போடுவது இங்கேதான். புதியது தாங்ரா, நகரத்தின் கிழக்கு ஓரம், ஒரு காலத்தில் வெறும் சதுப்பு நிலம். பெரிய பெரிய ஓட்டல்கள் இருப்பது அங்கே. இரண்டுக்கும் நடுவில் பல கிலோமீட்டர்.

அதற்கும் முன்னால் போனால் அச்சிப்பூர். பட்ஜ் பட்ஜைத் தாண்டி ஹூக்ளிக் கரையில் இருக்கும் கிராமம். 1780 வாக்கில் டோங் அச்சி என்ற சீனர் வந்து, வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கி, கரும்பு போட்டு, சர்க்கரை ஆலை வைத்தார். ஆட்களையும் சீனாவிலிருந்தே கொண்டுவந்தார். சில வருஷத்தில் அவர் செத்துப்போக ஆலையும் படுத்துவிட்டது, கூலிக்கு வந்தவர்கள் கல்கத்தா பக்கம் நகர்ந்தார்கள். அவர் பேரில்தான் அச்சிப்பூர். குதிரை லாடம் மாதிரி வளைத்துக் கட்டின அவருடைய சமாதி சிவப்புச் சாயத்தில் ஆற்றோரம் இருக்கிறது, சீனப் புத்தாண்டுக்குக் கொல்கத்தாவிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போய்ப் படைப்பார்கள். நம் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகிறோமே, அதே மாதிரிதான், பிரியாணிப் பாத்திரத்துக்குப் பதிலாக முழுப் பன்றி. (சர்க்கரை என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. வங்காளத்தில் சர்க்கரைக்கு 'சினி', மதுரை திருநெல்வேலிப் பக்கம் 'சீனி', நாம் மட்டும் 'அஸ்கா' என்கிறோம். அது ஒடிசாவில் ஆலை இருந்த ஊரின் பேர். ஆக நம் காப்பியிலும் யாரோ ஒரு வெளியூர்க்காரன் கரைந்துதான் இருக்கிறான்.)

பின்னால் வந்தவர்கள் ஊர் ஊராகத் தொழில் பிரித்துக்கொண்டார்கள். காண்டன் பக்கத்துக்காரர்கள் தச்சு வேலை, கப்பல் பட்டறையிலும் வீட்டுச் சாமானிலும் அவர்கள் கைதான். ஹூபேக்காரர்கள் பல் கட்டுகிறவர்கள். மெட்ராஸில் 'சைனா பல் டாக்டர்' போர்டு பார்த்திருப்பீர்களே, அவர்களும் அந்த வழிதான். ஷாண்டாங்காரர்கள் பட்டு மூட்டையைத் தோளில் போட்டுத் தெருத் தெருவாக விற்றார்கள். ஹக்காக்கள் தோலும் செருப்பும். பெண்டிங் தெருவில் செருப்புக் கடைகள் வரிசையாக இருந்தது அப்படித்தான். ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் டிரெட்டா பஜாரில் தனிக் கோயில், கோயிலோடு சங்கம், வந்து இறங்குகிறவனுக்குப் படுக்க இடம், வேலை, செத்தால் எடுத்துப்போட ஆள் எல்லாம் அங்கிருந்தே. அந்தக் கோயில்களை அவர்கள் 'சர்ச்' என்று சொல்வார்கள், உள்ளே போனால் ஊதுபத்தியும் போர்க் கடவுளும். ஸீ இப் சர்ச், துங் ஆன் சர்ச் என்றுதான் பேரே. துங் ஆன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் 1924ல் நான்கிங் ஓட்டல் ஆரம்பித்தார்கள். உங்கள் கட்டுரையில் இதை ஓட்டல் கதையாக மட்டும் எழுதியிருந்தார்கள். மாடியில் சாமியும் சங்கமும் இருந்ததைக் காணோம்.

ஹக்கா என்ற சொல்லுக்கே விருந்தாளிக் குடி என்று பொருள். சீனாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே பிழைக்க வந்தவர்கள், நல்ல நிலமெல்லாம் முன்னால் வந்தவன் கையில், இவர்களுக்கு மேடும் கல்லும். கல்கத்தாவிலும் அதே கதை. 1910 வாக்கில் யாரும் சீந்தாத தாங்ரா சதுப்பில் போய் உட்கார்ந்தார்கள். தோல் தொழில் ஏன் அவர்கள் கைக்குப் போனது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நம் சாதிதான் காரணம். செத்த மாட்டின் தோலைத் தொடுவது தீட்டு என்று மேல்சாதிக்காரன் எவனும் முதல் போட மாட்டான். தொடத் தள்ளப்பட்டவர்களிடம் போட முதல் இல்லை. அந்த இடைவெளியில் தீட்டு என்றால் என்னவென்று தெரியாத ஒரு கூட்டம் வந்து காலை வைத்தது. டிரம்மில் தோலை இழுத்துப்போட்டது பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த, தோல் வேலைக்குத் தள்ளப்பட்ட சமார் சாதிக் கூலிகள், அவர்கள் முதலாளி ஆகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு உலகப் போரிலும் ராணுவத்துக்கு பூட்ஸ் தேவைப்பட, தாங்ரா பெருத்தது. ஈரோட்டில் தோல் பாய்மார் கையில் இருந்ததற்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. நாங்கள் பிக்கரைக் கையில் எடுத்துத் தறியில் மாட்டுவோம், அதே கையோடு சாமி கும்பிடுவோம், அதைச் செய்தவனை மட்டும் திண்ணையில் ஏற்ற மாட்டோம். என் அப்பாரு அப்படித்தான் இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் நடந்தது அது.

இப்போது அந்த 'காலப்போக்கில்'.

1962 அக்டோபர் 20 அன்று எல்லையில் சீனாவோடு சண்டை ஆரம்பித்தது, நவம்பர் 21 அன்று நின்றது. ஒரு மாசம். அந்த ஒரு மாசம் இவர்கள் தலையில் பல வருஷம் நின்றது. அவசரச் சட்டம் போட்டு, அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ எதிரி நாட்டுக்காரராக இருந்தால், இங்கேயே பிறந்தவனையும் வெளிநாட்டானாக நடத்தலாம் என்றாக்கினார்கள். பதிவு செய்த ஊரைவிட்டு 24 மணி நேரத்துக்குமேல் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அசாமிலிருந்தும் வடக்கு வங்காளத்து மலைப் பக்கத்திலிருந்தும் சுமார் 3000 பேரை, கைக்குழந்தை முதல் கிழவர்வரை, பிடித்து ரயிலேற்றி ராஜஸ்தானில் தியோலி என்ற ஊரில் இருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை அடைத்துவைத்த அதே இடம். சண்டை ஒரு மாசத்தில் முடிந்தது, தியோலியில் கடைசிக் குடும்பம் வெளியே வர 1967 ஆனது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. வெளியே வந்தால் வீடும் கடையும் எதிரிச் சொத்து என்று ஏலத்தில் போயிருக்கும்.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. 1963ல் சீன அரசு கப்பல் அனுப்பி விருப்பப்பட்டவர்களைக் கூட்டிப்போனது. அந்தக் கப்பல்கள் வந்து நின்றது நம் மெட்ராஸ் துறைமுகத்தில். தியோலியிலிருந்து ரயிலில் மெட்ராஸ்வரை கொண்டுவந்து, 2000 பேருக்குமேல் ஏற்றி அனுப்பினார்கள். அதில் சீனாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள்தான் நிறைய. எந்தத் தமிழ்ப் பத்திரிகை அதை எப்படி எழுதியது என்று உங்கள் பழைய கட்டுகளைத் தேடிப் பார்த்து ஒரு கட்டுரை போடலாம், நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கல்கத்தாவில் மொத்தமாக முகாமுக்கு ஏற்றவில்லை, ஆனால் வேலை போயிற்று, துறைமுகத்தில் தச்சர்களை விரட்டினார்கள், சிலரைக் கைது செய்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். தீதி இதை ஒரே ஒரு தடவைதான் பேசினார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ நான் போனபோது, பில் போட நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டினார். அவருடைய போட்டோ, பக்கம் பக்கமாக முத்திரை. வருஷா வருஷம் போய் முத்திரை வாங்க வேண்டுமாம். "நான் பிறந்தது பவானிபூர் ஆஸ்பத்திரியில்" என்றார். அவ்வளவுதான். மூடிவைத்துவிட்டு, பஃப் தோல், அதாவது எருமைத் தோல், சதுர அடி இந்த மாசம் ஏறிவிட்டது என்றார். தம்பிகள் இரண்டு பேரும் டொராண்டோ போய்விட்டார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். ஹக்காக்கள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது அந்த ஊர்தான். ஒரு காலத்தில் கொல்கத்தாவில் இருபதாயிரம்வரை இருந்தவர்கள் இன்றைக்கு இரண்டாயிரத்தைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

மிச்சம் இருந்தவர்களுக்கு இரண்டாவது அடி 1996ல். இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் முடிச்சு விழுகிறது. அந்த வருஷம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு நீர் பற்றிய வேலூர் வழக்கில் தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உத்தரவு போட்டது, அதில் ஈரோடும் உண்டு. நாலு மாசம் கழித்து டிசம்பரில் கல்கத்தா தோல் ஷாப்புகளுக்கு உத்தரவு. தாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பக்லாடாங்கா நாலு இடத்திலும் சேர்த்து சுமார் 550 ஷாப்புகள் நகரத்தைவிட்டுக் கிழக்கே பந்தலாவுக்குப் போக வேண்டும் என்று. இரண்டிலும் நீதிபதி குல்தீப் சிங்தான். அந்த உத்தரவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நொய்யல் கரையில் பிறந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்தவன், 2011 ஜனவரியில் ஐகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் கடையில் வியாபாரம் பாதியாகப் படுத்ததையும் பார்த்தவன். தண்ணீருக்கு நியாயம் வேண்டும்தான். ஆனால் பந்தலாவில் புது நிலம் வாங்க, புது ஷெட் போட, சுத்திகரிப்புக்குப் பங்கு கட்ட யாரிடம் பணம் இருந்ததோ அவர்கள் போனார்கள். இல்லாதவர்கள் டிரம்மை விறகு விலைக்கு விற்றார்கள். திருப்பூரிலும் அப்படித்தானே, சின்னப் பட்டறைக்காரன் எத்தனை பேர் மறுபடி கதவைத் திறந்தான்?

தீதியின் வீட்டில் கீழ்த்தளத்தைக் காலி செய்து, கழுவி, சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்து, மேஜை போட்டார்கள். டிரம் நின்ற இடத்தில் மீன் தொட்டி. 2003ல் நான் கடைசியாகப் போனபோது அங்கேதான் சாப்பிட்டேன். இனிமேல் தோல் வாங்க வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன், ஊரில் எல்லாரும் நைலானுக்கு மாறியிருந்தார்கள். அவர் மிளகாய் சாஸில் புரட்டின கோழியை வைத்துவிட்டு, "முன்னாடி நீ வந்தால் மூக்கைப் பிடிப்பாய், இப்போது வாசனை பிடிக்கிறாய்" என்றார். நான் மூக்கைப் பிடித்ததே இல்லை, பெரிய அக்ரஹாரத்துக்காரன் மாதிரி நிமிர்ந்துதான் நடந்தேன் என்று அவரோடு வாதம் செய்தேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

தாங்ராவில் ஓட்டல்கள் பெருகியது இப்படித்தான். சமையலில் கெட்டிக்காரர்கள் என்பதால் தொழில் மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொழில் போனதால் சமைத்தார்கள் என்று மாற்றி எழுதுங்கள். அங்கே ஒரு சீனக் காளி கோயிலும் இருக்கிறது, பிரசாதமாக நூடுல்ஸ் படைப்பார்கள் என்பதை வேடிக்கை மாதிரிப் போட்டிருந்தீர்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வீட்டில் எது வேகிறதோ அதைத்தான் சாமிக்கு வைப்பார்கள். நாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம்.

சாப்பாட்டைப் பற்றியே பேச வேண்டும் என்றால் நம் ஊரிலிருந்தே ஆரம்பித்திருக்கலாம். கோபி மஞ்சூரியன் இல்லாத கல்யாணப் பந்தி இன்றைக்குக் கோவையில் உண்டா? மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை. கொல்கத்தாவில் பிறந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போன நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975ல் கிரிக்கெட் கிளப் ஒன்றில், பூண்டு இஞ்சி பச்சைமிளகாய் நம்மூர்க் கைப்பக்குவத்தில் தாளித்து, அதில் சோயா சாஸ் விட்டு கோழியைப் புரட்டியதிலிருந்து வந்தது என்பார்கள். கோழி காலிபிளவர் ஆகி, காலிபிளவர் நம் தள்ளுவண்டியில் முட்டைகோஸ் ஆகி, காளான் என்ற பேரோடு சாயங்காலம் ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் சட்டியில் கொதிக்கிறது. காளான் அதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கக்கூடாது. கான்ஃபிளவர் மாவு கரைத்த அந்தக் கெட்டிக் குழம்பு டிரெட்டா பஜாரின் தூரத்துச் சொந்தம். சொந்தத்தைச் சாப்பிடுகிறோம், சொந்தக்காரனை யாரென்று தெரியாது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமா, நடுவட்டம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில். 1860களில் அங்கே மலேரியா மருந்துக்குப் பட்டை எடுக்கிற சின்கோனாத் தோட்டம் போட்டபோது, மலாயா பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை வேலைக்கு வைத்தார்கள். தண்டனை முடிந்தவர்களில் சிலர் ஊர் திரும்பாமல் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் சரிவில் குடிசை போட்டு, காய்கறியும் காப்பியும் வைத்துப் பிழைத்தார்கள். மெட்ராஸ் மியூசியத்து தர்ஸ்டன் துரை அந்தக் குடும்பங்களைப் போய்ப் பார்த்து, அவருக்கே உரிய மாதிரி மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதிவைத்திருக்கிறார். கலந்து கரைந்துவிட்டார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து இறங்குகிற ஊட்டிக் கேரட்டில் அவர்கள் வியர்வையும் இருந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது கட்டுரையில் இல்லாத விஷயம், ஆனால் எனக்கு ஓயாமல் ஓடுவது. எங்கள் தெருவில் இப்போது தறிக்குடோன் லைன் வீடுகளில் ஒடியாக்காரர்களும் பீகார்க்காரர்களும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் கடையில் கூட்டம் அவர்களால்தான். முக்குக்கடையில் கடுகெண்ணெய் பாக்கெட் தொங்குகிறது, போர்டில் வங்காள எழுத்து. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியபோது, எங்கள் குடோனில் ஒரு வாரம் ஆளே இல்லை, தறி நின்றது. போலீஸ் வந்து இந்தியில் பேசித் தைரியம் சொன்ன பிறகுதான் மெல்லத் திரும்பினார்கள். அந்த ஒரு வாரம் நான் தீதியின் பச்சைப் புத்தகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பசங்கள் இவர்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. ஐம்பது வருஷம் கழித்து யாராவது சோமனூரில் பீகார்க்காரர்களின் லிட்டிப் பலகாரக் கடையைப் பற்றி இரண்டு பக்கம் கலர்ப் படம் போடுவார்கள், அங்கே இருந்தவர்கள் காலப்போக்கில் போய்விட்டார்கள் என்று.

அப்புறம், நீங்கள் பத்திரிகைக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். தாங்ராவில் 1969 முதல் சீன மொழியில் ஒரு தினசரி வந்துகொண்டிருந்தது. நான் தோலைப் பொதிந்து வாங்கிவந்ததே பல தடவை அந்தப் பேப்பரில்தான், ஒரு எழுத்து புரியாவிட்டாலும் படங்களைப் பார்த்துக்கொண்டே ரயிலில் வருவேன். 2020ல் கொரோனா வந்தபோது நின்றது, ஆசிரியரும் அந்த வருஷமே காலமாகிவிட்டார், பிறகு வரவில்லை. உங்கள் நிருபர் போன சமயத்தில் அந்த அலுவலகக் கதவையாவது ஒரு படம் எடுத்திருக்கலாம்.

திருத்தம் போடுவதாக இருந்தால் இரண்டு: பதினொன்றாம் பக்கத்தில் 'டிரெட்டா பஜார் வீதி' என்று போட்டிருக்கும் படம் டிரெட்டா பஜார் இல்லை, தாங்ரா. அந்தச் சுவரும் இரும்புக் கதவும் தோல் ஷாப்பினுடையது, கதவு அவ்வளவு அகலம் தோல் லாரி உள்ளே திரும்புவதற்காக. கோயில் படத்துக்குக் கீழே 'சர்ச்' என்று இருப்பதைப் பார்த்து யாரோ கிறிஸ்தவ ஆலயம் என்று மாற்றிவிட்டார்கள், அதையும் சரி செய்யவும்.

இப்படிக்கு,
தறி ஸ்பேர்ஸ் கடைக்காரன்,
சோமனூர், கோவை மாவட்டம்.